மொட்டை போட்ட பிள்ளையை யாரும் கேள்வி கேட்பதில்லை

ஆடிக் கிருத்திகை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், திருத்தணி வட்டாரத்தில் எந்த ஒன்றாம் வகுப்பை எட்டிப் பார்த்தாலும் மொட்டைத் தலைகள் தென்படும். பூசிய சந்தனம் காய்ந்து காதோரம் பொருக்குத் தட்டியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை ஒருமுறை தடவிப் பார்க்கும். "மொட்டை" என்று ஒரு குரல் எழும். இடைவேளைக்குள் எல்லோரும் அதை மறந்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். நேற்று வரை இருந்த முடி இன்று இல்லை, ஆளே மாறிப்போய் வந்திருக்கிறது. ஆனாலும் அந்தப் பிள்ளை கூனிக் குறுகுவதில்லை. கேட்டால் பட்டென்று பதில் வருகிறது: "தணிகை முருகனுக்குக் கொடுத்துட்டோம்."

அந்தப் பதில் பிள்ளை தானாகக் கண்டுபிடித்ததில்லை. முந்தின நாள் வீட்டில் ஆயா சொன்னது. மலைப்படி ஏறும்போது அம்மா சொன்னது. கத்தியைப் பார்த்து அழுதபோது மடியில் உட்கார வைத்துக்கொண்ட தாய்மாமன் சொன்னது. கேட்கிற பிள்ளையின் வீட்டிலும் இதே கதை உண்டு. டீச்சருக்கும் தெரியும். மொட்டை எல்லோர் கண்ணிலும் படத்தான் செய்கிறது. ஆனால் அதற்கான விளக்கம் ஊரிடம் தயாராக இருப்பதால் யாரும் அதைக் குறையாகப் பார்ப்பதில்லை.

அதே வகுப்பில் காதில் மெஷின் மாட்டிய பிள்ளை ஒன்று இருக்கும். பேச்சு திக்குகிற பையன் இருப்பான். உதட்டோரம் வெண்புள்ளி படர்ந்த பெண் இருப்பாள். இடது கையால் எழுதுகிறவன் இருப்பான். வீட்டில் தெலுங்கு மட்டுமே கேட்டு வளர்ந்து, தாகம் எடுத்ததும் "நீள்ளு" என்று கேட்டுவிட்டு வகுப்பின் சிரிப்புக்கு ஆளாகிறவள் இருப்பாள். இவர்களுக்கு யாரும் ஒரு பதிலைத் தயார் செய்து கொடுப்பதில்லை. பையும் தண்ணீர் பாட்டிலும் டிபன் டப்பாவும் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். "உனக்கு ஏன் இப்படி இருக்கு?" என்ற கேள்வி முதல் நாளே வரும் என்று நன்றாகத் தெரிந்திருந்தும், அதற்குப் பதில் இல்லாமலே பிள்ளையை அனுப்பிவைக்கிறோம்.

போதாததற்கு, பள்ளி வாசலில் குனிந்து தலையைத் தடவி ஒன்று சொல்கிறோம்: "நீயும் எல்லாரையும் மாதிரிதான் கண்ணு." அன்பில் சொல்வதுதான். ஆனால் உண்மை இல்லை. காலை வழிபாட்டு மணி அடிப்பதற்குள் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும். தான் மற்றவர்களைப் போல இல்லை என்பது அதற்குத் தெரிந்துவிடும். அம்மாவே அதை மறைத்தாள் என்பதும் கூடவே தெரிந்துவிடும். அம்மா மறைக்கிற அளவுக்கு இருக்கிறதென்றால் அது கெட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஐந்து வயது மனசு கணக்குப் போடும். வகுப்பில் எவனோ கேலி செய்ததால் விழும் வடுவைக் காட்டிலும் இந்த இரண்டாவது பாடம் ஆழமானது என்று நான் நம்புகிறேன். இப்படிச் சொல்வதைப் பெற்றோர் நிறுத்த வேண்டும்.

எல்லோரும் ஒன்று என்று காட்ட வேண்டும் என்ற நினைப்பு நமக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது ஒரு நல்ல இடத்திலிருந்துதான் வந்திருக்கிறது. அரக்கோணம் ரயில் பாதையில் உள்ள மணவூரிலிருந்து சென்னைப் பக்கம் போனால் அடுத்தடுத்து வரும் நிலையங்களில் ஒன்று கடம்பத்தூர். காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்தபோது, 1958-இல் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது அங்கேதான். பள்ளிக்கு வேண்டியதை ஊர்க்காரர்களே கொண்டுவந்து கொடுத்த இயக்கம் அது. பெஞ்சு கொடுத்தார்கள், கடிகாரம் கொடுத்தார்கள், கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள், ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுத்தார்கள். கிழிந்த சட்டைக்காரனும் பட்டுச் சட்டைக்காரனும் ஒரே துணியில் உட்கார்ந்தார்கள். மறைக்க வேண்டியதைச் சீருடை மறைத்தது. வறுமையைப் பிள்ளை உடம்பில் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று ஆக்கியது இந்த மண்ணின் பெரிய சாதனை. அதற்குப் பின்னால் வந்த நாம், பிள்ளையிடம் வேறாகத் தெரிவது எதுவாக இருந்தாலும் மூடிவிட வேண்டும் என்று அதை நீட்டிக்கொண்டோம். காது மெஷின் தெரியாதபடி முடியை வளர்த்துவிடுகிறோம். வெண்புள்ளி தெரியாதபடி கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு அனுப்புகிறோம்.

அரக்கோணம் லோக்கலில் அடிக்கடி பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. மடியில் பிள்ளை. எதிர் சீட்டு அம்மாள் விசாரிக்கிறார்: "என்னம்மா, காதுல என்னமோ மாட்டியிருக்க?" ஒரு தாய் பதில் சொல்லாமல் முந்தானையால் பிள்ளையின் தலையை மூடி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறார். இன்னொரு தாய், "காது கேக்குற மெஷின்க்கா. இது வந்த பிறகுதான் என்னை அம்மான்னு கூப்பிட்டான்" என்கிறார். கேட்டவர் முகம் மலர்ந்து பிள்ளைக்கு ஒரு வாழைப்பழம் எடுத்துக் கொடுக்கிறார். இரண்டு பிள்ளைகளும் அன்றைக்கு ஒரு பாடம் படித்துவிட்டுத்தான் இறங்குகின்றன. அந்நியர் கேட்கும்போது அம்மா எப்படிப் பதில் சொல்கிறாளோ, அதே பதிலைத்தான் பிள்ளை நாளை வகுப்பில் சொல்லும்.

பதில் எப்படி இருக்க வேண்டும்? பிள்ளை வாயில் நுழையும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். உண்மையாக இருக்க வேண்டும். பரிதாபம் கேட்கக் கூடாது. "இது காது மெஷின். பின்னாடி நின்னு கூப்பிட்டா கேக்காது, முன்னாடி வா." "எனக்குச் சில வார்த்தை மெதுவாத்தான் வரும். கொஞ்சம் இரு, சொல்லிடுவேன்." "இது வெண்புள்ளி. வலிக்காது. தொட்டா ஒட்டாது. வா, விளையாடலாம்." இதற்கு மேல் வேண்டாம். மருத்துவ விளக்கமெல்லாம் பிள்ளைக்குப் பாரம். சாயங்காலம் வீட்டில் டீச்சர் விளையாட்டு விளையாடாத பிள்ளை கிடையாது, அதில் அம்மா மாணவியாக உட்கார்ந்து "உனக்கு ஏன் இப்படி?" என்று கேட்கட்டும். நாலு முறை சொல்லிப் பழகினால் ஐந்தாவது முறை, உண்மையாகவே யாராவது கேட்கும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளாது.

காது கேட்பதற்காக அறுவைச் சிகிச்சை செய்து காக்ளியர் கருவி பொருத்திய பிள்ளைகளின் நிலைமையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவைச் சிகிச்சை செலவில்லாமல் நடக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்னால் செவிட்டு ஊமை என்று திண்ணையில் உட்கார வைத்துவிட்ட பிள்ளைகள் இன்று பேச்சுப் பயிற்சி முடித்துப் பக்கத்துத் தெருப் பள்ளியிலேயே சேர்கிறார்கள். பெரிய மாற்றம் இது. ஆனால் அந்தக் கருவியின் வெளிப்பகுதி தலையில் காந்தத்தால்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓடிப் பிடித்து விளையாடும்போது யாராவது தட்டினால் கழன்று விழும். விழுந்த நொடியில் பிள்ளைக்கு உலகம் ஊமையாகிவிடும். சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாவிட்டால் பயந்து ஓடுவார்கள், இல்லையென்றால் எடுத்து வீசி விளையாடுவார்கள். தெரிந்திருந்தால் மண்ணைத் தட்டிவிட்டுக் கையில் கொடுப்பார்கள். முதல் வாரத்தில் டீச்சர் செலவிடும் பத்து நிமிஷம் எதைத் தீர்மானிக்கிறது பாருங்கள். கருவியைக் கொடுத்த அரசு இந்தப் பத்து நிமிஷத்தைப் பள்ளிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறதா என்றால், பெரும்பாலும் அது டீச்சரின் மனசைப் பொறுத்த விஷயமாகவே இருக்கிறது.

திக்குகிற பிள்ளைக்குப் பள்ளியில் தினமும் முதல் பரீட்சை வருகைப் பதிவு. பெயர் வரிசையாக வந்துகொண்டிருக்கிறது. தன் முறை நெருங்க நெருங்கத் தொண்டை இறுகுகிறது. "உள்ளேன் டீச்சர்" என்ற இரண்டு வார்த்தை, குறிப்பிட்ட நொடியில், எல்லோர் முன்னாலும் வந்தாக வேண்டும். வராவிட்டால் சிரிப்பு. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் பேச்சு திக்கத் தொடங்கும் பிள்ளைகள் நிறைய; அவர்களில் பெரும்பாலோருக்கு அது தானாகவே சரியாகிவிடும். நடுவில் நாம் கெடுக்காமல் இருந்தாலே பெரிய உதவி. "மெதுவாப் பேசு", "மூச்சு விட்டுப் பேசு" என்று சொல்லிக்கொண்டே இருப்பதும், அவன் ஆரம்பித்த வாக்கியத்தை நாம் முடித்துவைப்பதும் உதவி என்று நினைக்கிறோம். பிள்ளைக்கு அது தன் பேச்சை யாரும் கேட்கத் தயாராக இல்லை என்றுதான் புரிகிறது. முடிக்கும் வரை முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். வருகைப் பதிவில் கையைத் தூக்கினால் போதும் என்று டீச்சர் சொல்லட்டும். அந்த ஒரு பிள்ளைக்கென்று சொல்லாமல் வகுப்புக்கே சொன்னால் அவன் தனியாகத் தெரிய மாட்டான்.

இடது கைக்கும் இதே வழக்குதான். உலகத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கைக்காரர். இருந்தும் விஜயதசமியன்று அரிசித் தட்டில் 'அ' எழுத வைக்கும்போது பிள்ளை இடது கையை நீட்டினால் தாத்தா தட்டிவிட்டு வலது விரலைப் பிடிக்கிறார். சாப்பிடும் கை, கொடுக்கும் கை என்ற மரியாதைகள் இருக்கட்டும். எழுதுகிற கையை மூளை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது, அதில் நமக்குப் பேச்சில்லை.

மொழிக்கு வருகிறேன். இந்த வட்டாரத்தில் அது தனிக்கதை. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், மங்கலங்கிழார் போன்ற தமிழாசிரியர்கள் ஊர் ஊராக நடந்து தமிழ் சொல்லிக் கொடுத்த உழைப்பு, பிறகு எல்லைச் சிக்கலில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரை, 1959-இன் எல்லை மாற்றச் சட்டம் எல்லாம் சேர்ந்து 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. கோடு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போனாலும், வீடுகள் கலந்துதான் இருந்தன, இருக்கின்றன. ஒரே தெருவில் ஒரு வீட்டில் அப்பா, அடுத்த வீட்டில் நைனா. பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டைப் பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவே இரண்டு மொழியும் ஒரே மூச்சில் ஓடும். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் படிக்க வேண்டும் என்றானது. சரியான முடிவு அது என்பதே என் கருத்து. இந்த மண்ணில் வாழப்போகும் பிள்ளைக்குத் தமிழ் தெரியாமல் போவது அதற்குச் செய்கிற அநியாயம். ஆனால் தமிழ் கற்றுக்கொள்வதற்கு விலையாக வீட்டு மொழியைப் பார்த்துப் பிள்ளை வெட்கப்பட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. "நீள்ளு" என்று அவள் கேட்டதும் டீச்சர் சிரிக்காமல், "அவங்க வீட்டுல தண்ணிக்கு அப்படிச் சொல்வாங்க, நாம எல்லாரும் ஒருமுறை சொல்லிப் பார்ப்போமா?" என்றால், அடுத்த நாள் அந்தப் பெண் மூன்று தமிழ்ச் சொற்களோடு வருவாள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூர், சத்தியவேடு என்று தமிழ் பேசும் வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே தெலுங்குப் பள்ளியில் முதல் நாள் "தண்ணி" என்று கேட்கும் நம் பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரித்தால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தப் பிள்ளைக்கு அங்கே என்ன நடக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அதை இங்கே நாம் செய்தாக வேண்டும். நாடு முழுவதும் ஆசிரியர் தினமாகக் கொண்டாடும் செப்டம்பர் 5, திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் 1888-இல் பிறந்து, இங்கேயே முதல் வகுப்புகளைப் படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் பிறந்தநாள். இந்த ஊர் டீச்சர்களுக்கு இதைவிட நெருக்கமான ஆதாரம் வேண்டியதில்லை.

எல்லா வேறுபாட்டையும் பிள்ளை வாயால் விளக்க வைக்கலாமா என்றால், கூடாது. திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் குடும்பங்கள் நிறைய. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் பெற்றோர் வேலை தேடிப் போக, பிள்ளை நடுவில் விட்டு நடுவில் சேரும். ஒடிசாவிலிருந்து சூளைக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். இருளர் பிள்ளையிடம் "நீ ஏன் இப்படி?" என்று எவனாவது கேட்டால், அதற்குப் பதில் சொல்லும் கடமை அந்தப் பிள்ளைக்குக் கிடையாது. காது கேளாமை உடம்பில் இருக்கிறது. தாழ்வு அந்தப் பிள்ளையிடம் இல்லை. கேட்கிறவன் அதைத் தன் வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறான். அங்கே பாடம் நடத்த வேண்டியது கேட்டவனுக்கும் அவன் வீட்டுக்கும்.

இதில் பள்ளி செய்கிற தப்பு ஒன்று உண்டு. உதவித்தொகைப் படிவம் வந்ததும் வகுப்பு நடுவே இன்ன சாதிப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள் என்பது. மெலிந்த பிள்ளை, மக்குப் பிள்ளை, கடைசி பெஞ்சு என்று வகைப்படுத்துவது. அமெரிக்காவில் மீகன் பேட்டர்சன், ரெபெக்கா பிக்ளர் இருவரும் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்து 2006-இல் வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சிவப்புச் சட்டை, நீலச் சட்டை கொடுத்தார்கள். சில வகுப்புகளில் டீச்சர்கள் நிறத்தைச் சொல்லியே வரிசையில் நிறுத்தினார்கள், நிறத்தைச் சொல்லியே கூப்பிட்டார்கள். மற்ற வகுப்புகளில் நிறத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நிறம் சொல்லிப் பிரித்த வகுப்புகளில் பிள்ளைகள் தம் நிறத்துக்காரர்கள் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். ஒரு சட்டைக்கே இப்படி என்றால் சாதிக்குச் சொல்ல வேண்டுமா? நாங்குநேரியில் மாணவர்களுக்கிடையே நடந்த சாதிக் கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது இதனால்தான். ஒரு பிள்ளையைப் பற்றி வகுப்புக்கு விளக்குவது வேறு, அதை வைத்துப் பிள்ளைகளைக் கூறு போடுவது வேறு. முதலாவதை ஒருமுறை செய்ய வேண்டும். இரண்டாவதை ஒருபோதும் செய்யக் கூடாது.

ஒருமுறை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில இடங்களில் அன்பு எதிர்த்திசையில் மிஞ்சிவிடுகிறது. "தெய்வக் குழந்தை" என்று ஆண்டுவிழா மேடையில் ஏற்றிக் கைதட்டச் சொல்கிறார்கள். வருகிற அதிகாரிகளிடமெல்லாம் பிள்ளையை முன்னால் நிறுத்துகிறார்கள். அதுவும் ஒரு சுமைதான். தன்னிடம் உள்ள வேறுபாட்டைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றால், நாள் முழுக்க அதைச் சுமந்து காட்ட வேண்டும் என்று பொருளில்லை. ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, மற்ற நேரத்தில் சண்டை போடவும், கணக்கில் தப்புப் போடவும், "இன்னைக்கு அதைப் பத்திப் பேச மாட்டேன்" என்று மறுக்கவும் அதற்கு உரிமை உண்டு.

மணவூரை அடுத்த நிலையம் திருவாலங்காடு. காரைக்காலம்மையார் கதை அந்த மண்ணில் எல்லோருக்கும் தெரியும். அழகை உதறி, கண் குழிந்து, எலும்பு துருத்திய பேயுருவம் கொண்டவர். கயிலையில் கால் பதிக்க அஞ்சித் தலையால் நடந்து வருகிறார். இந்த உருவத்தோடு வருவது யார் என்று உமை கேட்கிறாள். இறைவன் முதலில், இவர் நம்மைப் பேணும் அம்மை என்று உறவைச் சொன்னார்; இந்தப் பெருமை சேர்ந்த வடிவத்தை வேண்டிப் பெற்றவர் என்று உருவத்தைப் பிறகுதான் சொன்னார். முதல் நாள் வகுப்பில் டீச்சர் செய்ய வேண்டிய அறிமுகத்துக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. பிள்ளையை முன்னால் நிறுத்தி அதன் குறையைப் பட்டியல் போட வேண்டாம். "இவன் நம்ம கிளாஸ். நல்லா படம் போடுவான். காதுல இருக்கிறது கேக்குறதுக்கான மெஷின்; கீழே விழுந்தா எடுத்துக் கொடுக்கணும்" என்றால் முடிந்தது. உறவு முதலில், விளக்கம் பிறகு. அந்த வரிசை மாறினால் பிள்ளைக்கு அன்றிலிருந்து பெயர் போய்ப் பட்டப்பெயர்தான் நிற்கும்.

சோடாபுட்டி, திக்குவாய், கட்டையன் என்ற பட்டப்பெயர்களைப் பிள்ளைகள் வைப்பதைக்கூடத் திருத்தலாம். டீச்சர் வாயிலிருந்தே வந்தால் எங்கே போய்ச் சொல்வது? கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதை மட்டுமா தடுக்கிறது? மனத்தளவில் வதைப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பாகுபாடு காட்டாமல் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. சட்டம் போதுமான அளவு இருக்கிறது. அதை மேஜைக்குக் கொண்டுவர ஓர் இடமும் இருக்கிறது: பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் என்று பேசி முடிக்கும் கூட்டத்தில், ஜூன் மாதம் மட்டுமாவது இந்தக் கேள்விகளையும் கேட்கலாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் யாருக்கு என்ன உதவி வேண்டும்? அதை வகுப்புக்கு யார், எந்த வார்த்தையில் சொல்வது? பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டால் யாரிடம் புகார் சொல்வது? வெண்புள்ளி உள்ள பிள்ளையின் அம்மா மட்டும் தனியாக எழுந்து நின்று இதைக் கேட்கும்படி விட்டுவிடக் கூடாது. அவர் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்கிற பிள்ளையின் அப்பா முதலில் எழுந்து கேட்கட்டும்.